சர்க்காருக்குக் கடன் கொடுத்த தெரு

பதினாறு மாதம் சர்க்கார் எங்கள் கீழத்தெருவுக்குக் கடன்பட்டிருந்தது. ஆயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு ரூபாய். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் தாத்தா பண்ணையில் வாங்கிய அரை மூட்டை நெல் கடன், அவர் செத்த பிறகு என் அப்பா காத்தான் தலையில் ஏறி, வட்டியோடு ஏழு மூட்டையாக வளர்ந்தது. எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே கடன் வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட தெரு சர்க்காருக்கே கடன் கொடுத்தது என்றால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். அதை நான் மறைக்கப்போவதில்லை.

என் பெயர் அம்சம். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். செம்பியமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்திரண்டு வயது. நோயாளிகளுக்கான சாப்பாட்டுக் கணக்கு என் பொறுப்பு. எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை கிலோ அரிசி வந்தது, எத்தனை கிலோ வெந்தது என்று தினமும் எழுத வேண்டும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கூட்டல் தப்பாது. இரண்டும் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. நாகூர்ப் பக்கம் நுழைந்து உள்நாடு முழுவதையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. எங்கள் தெருவில் அறுபது வீட்டில் நாற்பது வீட்டுக் கூரை வயலில் கிடந்தது. கார்த்திகை பிறந்ததும் வாந்திபேதி ஆரம்பித்தது. முப்பது படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இருநூற்று இருபது பேர். பக்கத்து உயர்நிலைப் பள்ளிப் பெஞ்சுகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்தோம். மருந்து ஓரளவு இருந்தது. வயிறு அடங்கியவர்களுக்குக் கொடுக்கக் கஞ்சிக்கு அரிசி இல்லை. ஆற்றுப்பாலம் உடைந்து லாரி வரவில்லை. ஸ்டோரில் இருந்த அறுநூற்று எட்டுக் கிலோ ஒன்பது நாள் தாங்கினால் அதிகம்.

அப்போது டாக்டர் மீரா உசேன் இருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். ஊரில் அரிசி வைத்திருந்த இரண்டு மண்டிக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் நனைந்துவிட்டது என்றார், இன்னொருவர் ஊரிலேயே இல்லை என்று ஆள் விட்டுச் சொன்னார். டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். நானும் கூட வந்தேன். எங்களிடம் குறுவை அறுப்பில் கூலியாக வந்த நெல், புழுக்கி அரைத்தது, குதிரில் கொஞ்சம் இருந்தது. அதுதான் அடுத்த அறுப்பு வரைக்கும் சோறு.

காத்தாயி அத்தைதான் முன்னால் வந்து நின்றாள். என் அப்பாவின் தங்கை. நடவாட்களுக்குத் தலைவி. கூலிப் போராட்டத்தில் நாற்பத்தொரு நாள் ஜெயிலில் இருந்தவள். ஆள் குள்ளம்தான், குரல் மூன்று வயல் தாண்டும்.

"அம்மா, அரிசி வேணும். இப்ப என்கிட்ட பணம் இல்ல. கடனாக் குடுங்க. சர்க்கார் திருப்பித் தரும்" என்றார் டாக்டர்.

அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"கடனாக் குடுங்க."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

அவர் சொன்னார். அத்தை திரும்பித் தெருவைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்கு நாலு மரக்கால் என்று அங்கேயே முடிவாயிற்று. மரக்கால் என்பது எங்கள் பக்கம் நெல்லும் அரிசியும் அளக்கிற இரும்புப் பாத்திரம். கூலிப் போராட்டத்துக்குப் பிறகு, சர்க்கார் முத்திரை குத்தின மரக்கால் ஒன்றைத் தெருவே காசு போட்டு வாங்கி வைத்திருந்தது. அறுபது வீடு, இருநூற்று நாற்பது மரக்கால். பெண்கள் தலையில் சுமந்து கொண்டுவந்து ஆஸ்பத்திரி அடுக்களையில் அளந்து போட்டார்கள். சமையல்காரி நீலாம்பாள் மரக்காலுக்கு ஒரு கோடாகக் கரியால் சுவரில் இழுத்தாள். நான் பதிவேட்டில் "கீழத்தெருவிலிருந்து கடன் வரவு, 240 மரக்கால்" என்று எழுதினேன். இருபத்துமூன்று நாள் கஞ்சி காய்ச்சினோம். பதினேழு பேர் போய்விட்டார்கள். மற்ற எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

அதன் பிறகு சர்க்கார் தன் வேலையைக் காட்டியது.

மாசியில் டாக்டரை வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். நான் பில் எழுதி அனுப்பினேன். மரக்காலைக் கிலோவாக மாற்ற ஆபீசில் அச்சடித்த அட்டவணை இருந்தது. அரிசி, ஒரு மரக்காலுக்கு மூன்று கிலோ நானூறு கிராம். மொத்தம் எண்ணூற்றுப் பதினாறு கிலோ, கிலோ இரண்டு ரூபாய். பில் திரும்பி வந்தது. டெண்டர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். புயலில் டெண்டர் விட முடியவில்லை என்று எழுதினேன். மறுபடி வந்தது. மூன்று கடைகளின் விலைப்புள்ளி எங்கே? கடைகள் மூடியிருந்தன என்று எழுதினேன். மூன்றாவது முறை வந்தபோது, "கீழத்தெரு என்னும் நிறுவனத்தின் உரிமையாளர் யார், அவருடைய விற்பனை வரிப் பதிவு எண் என்ன" என்று கேட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"கொடுத்தமா இல்லையான்னு ஒரு வார்த்த கேட்டிருக்காங்களாடி?"

"இல்ல அத்த."

"அத மட்டும் கேக்க மாட்டாங்க."

இதற்கு நடுவில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. புயல் அடித்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாலம் சரியாகி லாரி வந்தபோது, நிவாரணமாக வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தார்கள்; ஆஸ்பத்திரிக்கு என்று அதில் ஒரு மணியும் வரவில்லை. எங்கள் தெருவும் வாங்கியது. வாங்காமல் என்ன செய்யும், குதிர் காலியாக இருந்ததே. நிவாரணப் பதிவேட்டில் எங்கள் அறுபது வீட்டுப் பெயரும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, வாங்கித் தின்றவர்கள் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுகிறார்கள், ஆஸ்பத்திரியில் அவர்கள் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் எழுதிக்கொள்கிறாள் என்று பேசினார்கள். ஊரில் இல்லை என்று ஆள் விட்டுச் சொன்ன மண்டிக்காரர்தான் அதிகம் பேசினார். டீக்கடையில் என் காது படவே சொன்னார்கள். அந்த ஆயிரத்து அறுநூறு ரூபாய் போனால் போகிறது என்று நான் அத்தையிடம் சொன்னேன். இருபத்தேழு ரூபாய் இருபது காசுதான் வீட்டுக்கு வரும்.

"பணம் போனா போவுதுடி. நாம குடுத்தது போவலாமா? நாம கடன் குடுத்தோம்னு சர்க்கார் எழுதணும். எழுதாம விடமாட்டேன்."

எழுபத்தொன்பது தை மாதம் தஞ்சாவூரிலிருந்து தணிக்கைக் குழு வந்தது. புயல் செலவுக்குச் சர்க்கார் ஏகப்பட்ட பணம் கொடுத்திருந்தது, பல இடத்தில் அது காணாமல் போயிருந்தது. மாவட்டம் முழுக்க ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுக்காமல் நிற்கும் பாக்கியையும் ஒன்றுவிடாமல் பார்க்கச் சொல்லி உத்தரவு. பாக்கிப் பட்டியலில் தணிக்கை ஒப்புக்கொண்டால்தான் பணம். தள்ளிவிட்டால் அதோடு சரி.

எங்களுக்கு வந்தவர் சாம்பசிவம். ஐம்பது வயது, ஒல்லி, சட்டைப் பையில் மூன்று பேனா. தயிர்சாதத்தைத் தூக்கில் கொண்டுவருவார், யார் வீட்டுக் காபியும் குடிக்கமாட்டார். அவர் குடும்பம் ஒரு காலத்தில் பெரிய மிராசு, நிலம் போன பிறகு படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் என்று மீரா உசேனுக்குப் பதிலாக வந்த லேடி டாக்டர் ஆனந்தம் சொன்னார். மிராசு வீட்டுப் பிள்ளையா கீழத்தெருவுக்குக் கடன் இருக்கிறது என்று எழுதப்போகிறார்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மனுஷர் கணக்கை ஒழுங்காகப் பார்த்தார். மூன்று நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா. நோயாளி இருநூற்றி இருபது. இருபத்திமூணு நாள். ஆளுக்கு ரெண்டு வேளைக் கஞ்சி, சேர்த்து முந்நூறு கிராம். ஆயிரத்து ஐநூத்திப் பதினெட்டுக் கிலோ வெந்திருக்கு. சரியா?"

"சரி சார்."

"ஸ்டோர்ல இருந்தது அறுநூத்தி எட்டு. நீ கீழத்தெருக் கணக்குல எழுதினது எண்ணூத்திப் பதினாறு. ரெண்டும் சேர்ந்தா ஆயிரத்து நானூத்தி இருபத்திநாலு. மிச்சம் தொண்ணூத்திநாலு கிலோ எங்கேருந்து வந்தது?"

இத்தனை நாள் வரவையும் செலவையும் தனித்தனியாகக் கூட்டியவள், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேயில்லை.

"குறைஞ்சிருந்தா யாரோ எடுத்துட்டாங்கன்னு எழுதலாம். கூடியிருக்கு. வராத அரிசி எப்படி வேகும்? ஒண்ணு நோயாளி எண்ணிக்கை பொய். இல்ல அரிசி வரவு பொய். ரெண்டும் உன் கையெழுத்து. அது உன் தெரு வேற."

"பொய் எழுதற ஜாதி இல்ல சார் நாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் எழுதறேன். அதுக்குள்ள அந்தத் தொண்ணூத்திநாலு கிலோவுக்குப் பதில் சொல்லு. இல்லன்னா இந்தப் பாக்கியத் தள்ளிடுவேன். உன் மேலயும் எழுதவேண்டி வரும்."

சுவரில் நீலாம்பாள் போட்ட கோடுகளையாவது காட்டலாம் என்று அடுக்களைக்கு ஓடினேன். போன ஆனியில் அமைச்சர் வருகிறார் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அமைச்சரும் வரவில்லை.

டாக்டர் மீரா உசேனுக்கு நான் முன்பே எழுதியிருந்தேன். அவர் பதில் என்னிடம் இருந்தது. "நான் கேட்டேன், அவர்கள் கொடுத்தார்கள். எவ்வளவு என்று எனக்கு நினைவில்லை" என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அத்தை கதிர் அரிவாளைக் கூரையில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"கூடுதலா வெந்திருக்குன்னா சொல்றாரு?"

"ஆமா."

"நல்லதுதானே. அதுக்கு ஏண்டி அழுவுற?"

"உங்களுக்குப் புரியாது அத்த. கணக்கு ஒத்துப்போவணும்."

"எனக்குப் புரியாதா? களத்துல நின்னு மரக்கால எண்ணாம ஒரு வருஷம் விட்டிருக்கனா நான்? இருநூத்தி நாப்பது மரக்கால் போட்டோம். காலையில மரக்கால எடுத்துக்கிட்டு வரேன். அவரு கண்ணு முன்னாடி அளந்து காட்டறேன். எத்தன கிலோ வருதுன்னு அவரே பாத்துக்கட்டும்."

அறுப்பு நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அத்தை மறுநாள் காலை வந்தாள். மரக்கால் இடுப்பில், அரிசி மூட்டை தலையில். சாம்பசிவம் சாரை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். டாக்டர் ஆனந்தமும் வந்தார். தராசு ஸ்டோர் அறையில் ஒன்று இருந்தது, அது புயலில் துருப்பிடித்தது பிடித்ததுதான். கடைசியில் பிரசவ வார்டிலிருந்து குழந்தைக்கு எடை பார்க்கும் தராசைத் தூக்கி வந்தோம். சாம்பசிவம் சார் அதைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆரம்பிக்கவிட்டார்.

அத்தை பாயை விரித்து மரக்காலை வைத்தாள். அரிசியை அள்ளிப் போட்டாள். விளிம்பு வரைக்கும் வந்தது. அதோடு அவள் நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் அள்ளி மேலே மேலே குவித்தாள். அரிசி கூம்பாக ஏறி, இனி ஒரு மணி போட்டாலும் சரியும் என்கிற மட்டும் ஏறியது. ஓரத்தில் சரிந்ததையும் உள்ளங்கையால் அணைத்து மேலேற்றினாள். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது ஒரு மரக்கால்" என்றாள்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். சத்தமாகவே அடித்துக்கொண்டேன் போலிருக்கிறது, டாக்டர் திரும்பிப் பார்த்தார். கும்பம். எங்கள் தெருவில் யாருக்குக் கொடுத்தாலும் கும்பமாகத்தான் அளந்து கொடுப்போம். நோயாளிக்குக் கொடுக்கும்போது கேட்கவே வேண்டாம். அன்றைக்கும் அப்படித்தான் அளந்திருப்பார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அது எனக்கு அவ்வளவு பழகின காட்சி, கண்ணில் படவேயில்லை. ஆபீசுக்குப் போய் அட்டவணையைப் பிரித்துத் விளிம்போடு வழித்துத் தலைதட்டின மரக்காலுக்கு உண்டான மூன்று கிலோ நானூறைப் போட்டுப் பெருக்கியிருக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்த திமிர். கீழத்தெருவில் பிறக்காதவள் யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால், இது என்ன இப்படிக் குவிக்கிறீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருப்பாள்.

தராசில் கொட்டினோம். மூன்று கிலோ எண்ணூறு.

"நல்லா கொழுத்த புள்ள" என்றாள் நீலாம்பாள்.

சாம்பசிவம் சார் சிரிக்கவில்லை. விளிம்போடு தட்டி அளக்கச் சொன்னார். மூன்று கிலோ நானூறு. மறுபடி கும்பம், மறுபடி தலைதட்டு. அத்தையை விட்டு நீலாம்பாளை அளக்கச் சொன்னார். அவள் குவித்தபோது மூன்று கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு வந்தது. ஐந்து முறை பார்த்தார். பிறகு சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டார். நான் மனசுக்குள் முன்பே போட்டுவிட்டேன். நானூறு கிராம், இருநூற்று நாற்பது மரக்கால், தொண்ணூற்றாறு கிலோ.

"எனக்குத் தொண்ணூத்திநாலுதான் வேணும். ரெண்டு கிலோ கூடுது" என்றார்.

"அரிசி களையறப்ப போவும்ல. எலி வேற இருந்துச்சு. வெள்ளத்துல அதுக்கு மட்டும் யாரு குடுப்பா?" என்றாள் நீலாம்பாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். டாக்டர் ஆனந்தத்துக்குப் பொறுமை குறைவு.

"என்ன சார், தேறுமா தேறாதா?"

"தேறும் டாக்டர். பொய்க் கணக்கு எழுதறவங்க கூட்டினா ஒத்துப்போற மாதிரிதான் எழுதுவாங்க. முப்பது வருஷமாப் பாக்கறேன். இது ஒத்துப்போகலை. ஒத்துப்போகாத கிலோ அவ்வளவும் இந்தக் கும்பத்துல இருக்கு. அரிசி அங்கேருந்துதான் வந்திருக்கு."

அப்புறம் அத்தையைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, கடன்னுதானே குடுத்தீங்க. கடன் குடுக்கறவங்க யாராவது கும்பம் வச்சு அளப்பாங்களா?"

அத்தை அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா காலத்தில் இப்படிப்பட்டவர் முன்னால் "ஆண்டே" என்று சொல்லிக் குனிந்து நிற்க வேண்டும். அத்தை நிமிர்ந்துதான் நின்றாள்.

"எங்களுக்கு அளந்தவங்க யாரும் கும்பம் வச்சதில்ல சார். கூலி போடறப்ப கோல வச்சு வழிச்சுத் தலதட்டித்தான் போடுவாங்க. அதே கடனத் திருப்பிக் குடுக்கப் போனா கும்பமாக் கேப்பாங்க. அதுக்குத்தான் சண்ட போட்டோம், ஜெயிலுக்குப் போனோம். எங்க கைக்கு மரக்கால் வந்தப்ப தெருவுல பேசி ஒண்ணு வச்சுக்கிட்டோம். வாங்கறப்ப தலதட்டு போதும். குடுத்தா கும்பமாக் குடுக்கணும். எங்ககிட்ட வாங்கறவன் வயிறெரிஞ்சு போவக்கூடாது."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. நான் அந்தத் தெருவில் பிறந்தவள்.

சாம்பசிவம் சார் மரக்காலைக் கையில் எடுத்துச் சர்க்கார் முத்திரையைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க களத்துலயும் அந்தக் கோல் இருந்தது. சின்ன வயசுல அத எடுத்துக் குதிரை ஓட்டுவேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மரக்காலைக் கீழே வைக்காமல் அத்தை கையிலேயே கொடுத்தார்.

அதன் பிறகு அவர் உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது. "நீங்க கேட்டது குறைச்சல். எண்ணூத்திப் பதினாறு இல்ல, தொள்ளாயிரத்துப் பன்னண்டு கிலோ குடுத்திருக்கீங்க. இன்னும் நூத்தித் தொண்ணூத்திரண்டு ரூபா வரணும். பில்லைத் திருத்திக் குடுங்க, நானே ஒப்புதல் போடறேன்."

நான் பேனாவை எடுத்துவிட்டேன். அத்தை தலையசைத்தாள்.

"கும்பத்துக்குக் காசு வாங்க மாட்டோம் சார்."

"ஏன்?"

"மரக்கால் சர்க்காருக்குக் குடுத்தது. கும்பம் படுத்துக் கிடந்தவங்களுக்கு வச்சது. அவங்ககிட்ட யாரு போயி வசூல் பண்றது?"

அவர் நோட்டை மூடினார். அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டை எழுதி எனக்கே தட்டச்சு செய்யக் கொடுத்தார். "கீழத்தெருக் குடும்பங்கள் அறுபதுக்கு அரசு செலுத்த வேண்டிய கடன் ரூ. 1632. அளவுக்கு மேல் அவர்கள் அளித்த 96 கிலோவுக்குத் தொகை கோரப்படவில்லை." அந்த இரண்டு வரியை நான் ஒரு தப்பும் இல்லாமல் அடித்தேன். அன்றைக்கு அவர் என் மேஜையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

பங்குனியில் பணம் வந்தது. டாக்டர் ஆனந்தம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் பட்டுவாடா என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். நான் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரை ஒருத்தர் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் தெருவுக்கு ஓடினேன்.

"அரிசிய நாங்க தலையில சொமந்துக்கிட்டுப் போயிக் குடுத்தோம். பணத்த அவங்க கொண்டாந்து குடுக்கட்டும். கடன் வாங்கினவுங்க வீடு தேடி வந்து குடுக்கறதுதான் மொற" என்றாள் அத்தை. தெரு முழுக்க அதே பேச்சு.

இதை எப்படி டாக்டரிடம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். சொன்னேன். டாக்டர் என்னை முறைத்தார். வெளியே நோயாளிகள் வரிசை இருந்தது. கடைசி ஆளைப் பார்த்து முடித்துவிட்டு, "ஜீப்பை எடுக்கச் சொல்லு" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சர்க்கார் ஜீப் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. அதற்கு முன் எங்கள் தெருவுக்கு ஜீப் வந்ததெல்லாம் ஆளைப் பிடித்துக்கொண்டு போகத்தான். சின்னப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டவர்கள், டாக்டரைப் பார்த்ததும் வெளியே வந்தார்கள். யார் வீட்டிலிருந்தோ ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டார்கள், டாக்டர் அதில் உட்கார்ந்தார். நான் பணக்கட்டையும் பட்டுவாடாத் தாளையும் எடுத்து வைத்தேன். முதல் பெயர் காத்தாயி. அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "மேல என்னடி அச்சடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

ஆபீசில் இருந்த பாரத்தைத்தான் எடுத்து வந்திருந்தேன். எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. "நிவாரணப் பயனாளி பெயர்" என்று இருந்தது.

படித்தேன். அத்தை பேனாவை மூடி என் முன்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலும் இதே பாரம்தான் இருந்தது; அறுபது பெயரையும் புதுத் தாளில் அடித்து வர நாளைக்கு ஆகிவிடும். நாளைக்கு என்றால் பணத்தைத் திரும்பக் கருவூலத்தில் கட்ட வேண்டும். நான் டாக்டரைப் பார்த்தேன்.

டாக்டர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். அச்சடித்ததை இரண்டு கோடு போட்டு அடித்தார். மேலே தன் கையால், கோழி கிறுக்கின அந்த டாக்டர் எழுத்தில், "அரசுக்குக் கடன் கொடுத்தவர் பெயர்" என்று எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"இப்பப் படி" என்றார் என்னிடம்.

தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தேன். அறுபது பேரும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். இருபத்தேழு ரூபாய் இருபது காசை ஒவ்வொருவரும் என் முன்னாலேயே எண்ணிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். அத்தை முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு டாக்டர் பக்கம் வந்தாள்.

"சரியா இருக்கும்மா. நாள் ஆச்சு, ஆனா நாணயமாக் கொண்டாந்து குடுத்துட்டீங்க. இன்னொரு தடவ சர்க்காருக்கு முட்டுப்பாடு வந்தா யோசிக்காம எங்ககிட்ட கேளுங்க."

டாக்டர் ஆனந்தம் மரப்பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். "கேக்கறேம்மா" என்றார்.